அப்பாவுக்கு ஒரு டீகோடர் பெட்டி

அம்மா இறந்து ஏழு மாதம் கழித்து எனக்கு எங்கள் தோட்டத்துக்குக் கீழே இருக்கும் தானா ராத்தாவுக்கு மாற்றல் கிடைத்தது. அதற்கு முன் ஒன்பது ஆண்டுகள் குவாந்தானில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். மாற்றல் கேட்டு எழுதிய கடிதத்தில் 'தந்தையைக் கவனித்துக்கொள்ள' என்று காரணம் போட்டிருந்தேன். எழுதும்போது அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று நான் யோசிக்கவில்லை. சமைத்துப் போடுவது, துணி துவைப்பது, இரத்த அழுத்த மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுப்பது, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

அப்பா தேயிலைத் தோட்டத்தை விட்டு எங்கும் போகவில்லை. தொழிற்சாலையில் இலை உருட்டும் இயந்திரங்களுக்குப் பக்கத்தில் முப்பது வருடம் நின்று வேலை செய்தவர். ஓய்வு பெற்ற பிறகு, சுற்றுப்பயணிகள் வந்து தேநீர் குடிக்கும் கட்டடத்துக்கு முன்னால் இருக்கிற பூச்செடிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை நிர்வாகம் அவருக்குக் கொடுத்திருந்தது. அந்த வேலை இருந்ததால் தோட்டத் தொழிலாளர்களுக்கான லைன் வீடும் அவரிடமே இருந்தது. காலையில் நான் கார் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு இறங்கும்போது அவர் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு மேலே ஏறிக்கொண்டிருப்பார். மாலையில் நான் வரும்போது வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்.

பேச்சு அதிகம் கிடையாது. நான் சமையற்கட்டிலிருந்து ஏதாவது கேட்டால் பதில் வராது. காரில் அழைத்துப் போகும்போது பேசினால் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வருவார். முப்பத்தைந்து வருடம் கூடவே இருந்த மனைவியை இழந்த மனிதர். துக்கம் இப்படித்தான் இருக்கும்போல என்று நான் விட்டுவிட்டேன். வற்புறுத்திப் பேச வைக்கக்கூடாது என்றும் நினைத்தேன். அதை ஒரு பக்குவம் என்றே அப்போது எண்ணிக்கொண்டேன்.

எங்கள் தொலைக்காட்சி பழையது. பின்பக்கம் பானை வயிறுபோலத் துருத்திக்கொண்டிருக்கும் இருபத்தொரு அங்குலப் பெட்டி. அம்மா கொழுந்து பறித்த காலத்தில் ஒரு தீபாவளிக்கு வாங்கியது. பழைய ஒளிபரப்பை நிறுத்தப்போகிறார்கள், இனி எல்லாம் டிஜிட்டல்தான், டீகோடர் வாங்கிக்கொள்ளுங்கள் என்று பல நாள்களாகத் திரையின் அடியில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. நான் கவனித்தும் கவனிக்காமலும் இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்தபோது திரை முழுவதும் வெள்ளைப் புள்ளிகள் கொதித்துக்கொண்டிருந்தன. இரைச்சல் காதைக் கிழித்தது. அப்பா அதன் முன்னால் அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

நான் போய் அணைத்தேன். "நிறுத்திட்டாங்கப்பா. டீகோடர் வாங்கணும்," என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "வாங்கு," என்றார்.

அந்த மாதம் காருக்கு நான்கு டயரும் மாற்றியிருந்தேன். இந்த மலைப்பாதையில் தேய்ந்த டயரோடு ஓட்ட முடியாது. அதனால் ஏரியலும் சேர்த்து நூற்றைம்பது வெள்ளிக்கு மேல் போகக்கூடாது என்று மனதில் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். அலுவலகத்தில் விசாரித்தால் ஆளுக்கொன்று சொன்னார்கள். என் பக்கத்து மேசையில் இருந்த அக்கா, "மாசம் கட்டுற டிஷ் போட்டுடு. தமிழ்ப் படம் நாள் முழுக்க ஓடும். அப்பாவுக்கும் பொழுது போகும்லா," என்றார். மாதாமாதம் கட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. தவிர, ஒப்பந்தம் இரண்டு வருடம் என்றார்கள். இன்னொருவர், மாதக் கட்டணம் இல்லாத டிஷ் இருக்கிறது, ஒரே தடவை வாங்கினால் போதும் என்றார். அதன் விலையைக் கேட்டதும் அதையும் விட்டேன். மிச்சமிருந்தது சாதாரண ஏரியலில் ஓடும் சின்னப் பெட்டிதான். மலை உச்சியில் இருக்கும் டவர் எங்கள் லைன் வாசலிலிருந்தே தெரியும். மூடுபனி இல்லாத நாளில் அதன் சிவப்பு வெள்ளைக் கோடுகளைக்கூட எண்ணலாம். ஆகவே அலை வருமா என்ற கவலை இல்லை.

சனிக்கிழமை அப்பாவையும் கூட்டிக்கொண்டு பக்கத்து ஊரான பிரிஞ்சாங்குக்குப் போனேன். சந்தைக்குப் பக்கத்துத் தெருவில் மின்சாமான் விற்கும் கடை ஒன்று இருக்கிறது. கடைக்காரர் சீனர், இந்த மலையிலேயே பிறந்தவர். அவருடைய அப்பா முட்டைக்கோஸ் பயிரிட்டவர். சின்ன வயதிலேயே தோட்டத்து ஆட்களோடு பழகியதால் தமிழ் நன்றாகப் பேசுவார். நாங்கள் அவரை, முதலாளி என்ற பொருளில், தவுக்கே என்றே கூப்பிடுவோம்.

"பழைய டிவியா, புது டிவியா?" என்று கேட்டார்.

"பழசு தவுக்கே. பின்னால பெருசா இருக்கும்."

"சிவப்பு, வெள்ளை, மஞ்சள், மூணு ஓட்டை இருக்கா?"

"இருக்கு."

"அப்ப இது ஆவாது." கையில் எடுத்த பெட்டியைத் திரும்ப அடுக்கில் வைத்தார். "இதுல புது ஒயர் ஓட்டை மட்டும்தான். நெறைய பேரு விலை பாத்து வாங்கிட்டுப் போயிடுவாங்க, அப்புறம் வந்து என்னய ஏசுவாங்க. தங்கச்சிக்கு இது சரி." உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டியை முன்னால் வைத்தார். "மூரா, விலை கம்மி. ஆனா நல்லா ஓடும். இன்னொண்ணு இருக்கு, படம் ரெக்கார்ட் பண்ணலாம், அது கொஞ்சம் கூட."

"ரெக்கார்டெல்லாம் வேணாம். அப்பா பாக்குறதுக்குத்தான்."

"அப்பாவையே கேளுங்க. அப்பா, எது வேணும்?"

அப்பா கடையின் மறுபக்கம் மாட்டியிருந்த பெரிய தட்டையான தொலைக்காட்சியின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஏதோ ஒரு நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரர் இரண்டாம் முறை கேட்டும் அவர் திரும்பவில்லை. அந்தப் பெரிய டிவிமேல் ஆசை வந்துவிட்டதோ என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. அதன் விலை அட்டையைப் பார்க்கவே எனக்குத் தைரியம் இல்லை. போய் அவர் தோளைத் தொட்டேன். "இந்தப் பெட்டி போதுமாப்பா?" என்று கேட்டேன். தலையை ஆட்டினார்.

அன்று மத்தியானமே ஏரியலைக் கூரை விளிம்பில் கட்டி, டவரைப் பார்த்துத் திருப்பி, பெட்டியை மாட்டிவிட்டேன். படம் கண்ணாடிபோல வந்தது. பழைய காலத்து நிழலும் இரட்டை உருவமும் போயே போய்விட்டன. அலைவரிசைகளும் நிறைய. எனக்கு ஒரு பெருமை. நூற்றைம்பதுக்குள் முடித்துவிட்டேன், யார் துணையும் இல்லாமல் மாட்டியும்விட்டேன்.

செவ்வாய்க்கிழமை மாலை அப்பா சொன்னார்: "பாப்பா, இந்தப் பெட்டி வேணாம். குடுத்துடு."

"ஏன்பா? என்ன ஆச்சு?"

"படம் முழுசா வரல."

நான் திரையைப் பார்த்தேன். ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை படம் நிரம்பியிருந்தது. "முழுசாத்தானே வருது?"

"இல்ல. சரியில்ல."

என்ன சரியில்லை என்று எத்தனை விதமாகக் கேட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. அல்லது சொல்ல விரும்பவில்லை. நிறமா என்றேன், இல்லை. சத்தமா என்றேன், அதற்கு மட்டும் வேகமாக, "சத்தமெல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றார்.

சனிக்கிழமை மறுபடியும் பிரிஞ்சாங். தவுக்கே நல்ல மனிதர். பெட்டியை வாங்கி மாட்டிப் பார்த்து, "இது ஓகே லா," என்றார். ஆனாலும் மாற்றிக் கொடுத்தார். இந்த முறை விலை கூடிய அந்தப் பெட்டியை எடுத்தேன். நான் போட்ட கோட்டைத் தாண்டிப் போயிற்று. அப்பாவுக்காகத்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அதையும் அப்பா மூன்று நாள் பார்த்தார். நான்காம் நாள், "இதுவும் அதே மாதிரிதான் இருக்கு," என்றார்.

அன்று அலுவலகத்தில் எனக்கு நல்ல நாள் இல்லை. ஒரு கோப்பு காணாமல் போய், தேடித் தேடி, கடைசியில் அது என் மேலதிகாரியின் மேசையிலேயே இருந்தது. மழையில் கார் ஓட்டிக்கொண்டு வந்திருந்தேன். நான் சமையற்கட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னேன்: "அம்மா வாங்கித் தந்திருந்தா இப்படிக் கொறை சொல்லுவீங்களா? நான் எது செஞ்சாலும் ஒங்களுக்குப் பத்தல."

பதில் இல்லை. திரும்பிப் பார்த்தேன். அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அந்த அமைதி என்னை இன்னும் சுட்டது. அன்று நான் அவரோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறு மத்தியானம் தமிழ்ப் படம் ஒன்று போட்டார்கள். அப்பா நாற்காலியில் உட்காராமல் முக்காலியை இழுத்துத் திரைக்கு மிகவும் பக்கத்தில் போட்டுக்கொண்டார். மூக்குக் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டார். கண் கெட்டுவிடும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. பேசுவதற்காக ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்தினேன். வீட்டுக்குள் அலை சரியாக எடுக்காததால் பின்பக்கம் துணி காயப்போடும் இடத்துக்குப் போனேன். மறுநாள் கூட்டத்துக்கு என்னென்ன தாள்கள் வேண்டும் என்று மேலதிகாரி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். பேசி முடித்து, காய்ந்திருந்த இரண்டு துணிகளையும் மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே வர இருபது நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

வீட்டுக்குள் சத்தமே இல்லை. ரிமோட் நான் வைத்த இடத்திலேயே, அப்பாவுக்குப் பின்னால் மேசைமேல் இருந்தது. அப்பா முக்காலியில் முன்பக்கம் குனிந்து படம் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் ஒரு பெண் அழுதுகொண்டு ஏதோ சொன்னாள். எதிரே நின்ற ஆண் பதில் சொன்னான். ஊமைப்படம்போல இருவர் வாயும் அசைந்தன. அப்பா 'ச்சு' கொட்டினார்.

வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

"அப்பா," என்றேன். அவர் திரும்பவில்லை. கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டேன். அப்புறம், பக்கத்து வீட்டுக்கே கேட்கும் அளவுக்கு. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையின் அடிப்பகுதிக்கு இன்னும் நெருங்கிக் குனிந்தார்.

அப்போதுதான் நானும் அந்த இடத்தைப் பார்த்தேன். படத்துக்கு அடியில் மலாய் மொழியில் வசனம் ஓடிக்கொண்டிருந்தது. நம் நாட்டில் தமிழ்ப் படம் போட்டால் அடியில் மலாய் எழுத்து வருவது வழக்கம்தான். தமிழ் கேட்பவர்கள் யாரும் அதைப் படிப்பதில்லை. நான் ஒருநாளும் படித்ததில்லை. இப்போது படித்துப் பார்த்தேன். ஒவ்வொரு நீண்ட வரியிலும் முதல் சொல்லில் பாதியும் கடைசிச் சொல்லில் பாதியும் காணவில்லை. அகலமான படத்தை எங்கள் சதுரத் திரையில் நிரப்புவதற்காகப் பெட்டி இரண்டு ஓரத்தையும் வெட்டித் தள்ளியிருந்தது. முகங்களுக்கு அதனால் ஒன்றும் குறையவில்லை. எழுத்துகள்தான் போயிருந்தன. வரியின் தொடக்கத்தில் 'இல்லை' என்று பொருள்படும் 'திடாக்' போன்ற ஒரு சின்னச் சொல் முழுதாகப் போனால் போதும், 'மன்னிக்க மாட்டேன்' என்பது 'மன்னிப்பேன்' ஆகிவிடும். அப்பா இரண்டு வாரமாக இப்படித்தான் பாதிச் சொல்லை வைத்து மீதியை ஊகித்துக்கொண்டிருந்தார். படம் முழுசா வரல என்று அவர் சொன்னது அப்பட்டமான உண்மை.

ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினேன். பின்னணி இசை வீடெல்லாம் இரைந்தது. அவர் தோளில் ஓர் அசைவும் இல்லை.

நான் போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். என் கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தார். மறைக்க இனி ஒன்றுமில்லை என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"எப்பலேந்துப்பா?" என்று கேட்டேன். உதடு தெரியும்படி நிதானமாகக் கேட்டேன்.

"ரொம்ப வருஷம் ஆச்சு. ஃபேக்டரிலே இருக்கிறப்பவே. மொதல்ல வலது காது. அப்புறம் இதுவும். பக்கத்துலேந்து சத்தமா பேசினா கொஞ்சம் தெரியும். மூஞ்சியப் பாத்தா புரிஞ்சிடும்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அவளுக்குத் தெரியாம எப்படி?"

"எனக்கு ஏன் சொல்லல?"

"நான்தான் சொல்லக்கூடாதுன்னேன்." மேலே பூச்செடிகள் இருக்கும் பக்கம் கையைக் காட்டினார். "காது கேக்காதவன டூரிஸ்ட்டு வேன் வந்து திரும்புற எடத்துல வேலைக்கு வெச்சுக்குவாங்களா? வேலை இல்லன்னா இந்த வீடு இல்ல. நீ லீவுக்கு வந்தா எங்க வருவ?"

தொலைபேசியில் பேசிய நாள்கள் நினைவுக்கு வந்தன. குவாந்தானிலிருந்து வாரம் இரண்டு முறை கூப்பிடுவேன். அம்மாவிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு, அப்பாகிட்ட குடும்மா என்பேன். அப்பா போனை வாங்கி, "சாப்பிட்டியா? ஒடம்பப் பாத்துக்க. சரி, வெச்சிடவா," என்பார். ஒன்பது வருடமும் அதே மூன்று வரிதான். நான் பதில் சொல்வதற்குள் அடுத்ததைச் சொல்லிவிடுவார். அப்பாவுக்குப் போனில் பேசப் பிடிக்காது என்று தோழிகளிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். அம்மா என் சேதியையெல்லாம் அவர் முகத்துக்கு நேரே நின்று மறுபடியும் ஒருமுறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். கடைக்காரன் கேட்பதை, கோயிலில் அறிவிப்பதை, பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அப்பாலிருந்து கூப்பிடுவதை, எல்லாவற்றையும். அவள் போனபின் அவருக்கு வெளியுலகச் சேதி வந்துகொண்டிருந்தது அந்தப் பழைய டிவியின் அடியில் ஓடிய எழுத்தில்தான். அதையும் நான் நூற்றைம்பது வெள்ளிக்குள் வெட்டியிருந்தேன்.

அரிசி களைந்துகொண்டே நான் சொன்ன வார்த்தைகளும் நினைவுக்கு வந்தன. அவருக்குக் கேட்டிருக்காது. அது எனக்கு ஆறுதலாக இல்லை. மன்னிப்புக் கேட்க வேண்டுமானால் அந்த வார்த்தைகளை அவர் முகத்துக்கு நேரே நின்று மறுபடி சொல்ல வேண்டும். அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

மறுநாள் காலையிலேயே பெட்டியைக் காரில் எடுத்து வைத்துக்கொண்டு, வேலை முடிந்து நேராகத் தவுக்கேயின் கடைக்குப் போனேன். அவர் என்னைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார். மூன்றாவது பெட்டி கேட்பேன் என்று நினைத்திருப்பார்.

"தவுக்கே, பெட்டி நல்ல பெட்டிதான். படத்துக்கு அடியில வர்ற எழுத்து ரெண்டு பக்கமும் வெட்டுது. அந்த எழுத்து முழுசா தெரியணும். அதுக்கு என்ன செய்யணும்?"

அவர் முகம் மாறியது. "இத மொதல்லயே சொல்லக்கூடாதா தங்கச்சி?" என்றார். பழைய சதுர டிவி ஒன்றைப் பின்னறையிலிருந்து தூக்கிவந்து மாட்டினார். ரிமோட்டில் ஏதேதோ அழுத்தி, படத்தின் வடிவத்தை மாற்றும் இடத்துக்குப் போனார். படம் சுருங்கியது. மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை வந்தது. ஆனால் எழுத்து ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை முழுதாக வந்து நின்றது.

"ரெண்டு பெட்டியிலயும் இது செய்யலாம். விலை கூடுனதுதான் வேணும்னு இல்ல. ஆனா பாருங்க, எழுத்து சின்னதாயிடும். அப்பாவுக்குக் கண்ணு நல்லா தெரியுமா?"

"கண்ணு நல்லாத்தான் தெரியும். கண்ணாடி போட்டுக்குவார்."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு தன் காதைத் தொட்டுக் காட்டி, கேள்வியாக என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். நாங்கள் திருப்பிக் கொடுத்த அந்த முதல் பெட்டி இன்னும் அடுக்கிலேயே இருந்தது. அதையே எடுத்துத் துடைத்துக் கொடுத்து, விலையில் மிச்சமான பணத்தையும் கையில் கொடுத்தார். "அப்பா உக்காருற எடத்த மட்டும் முன்னால கொண்டு வாங்க," என்றார்.

அந்த மாலை நான் படத்தைச் சரிசெய்து வைத்தபோது அப்பா கண்ணாடியோடு ஒரு செய்தியை முழுதாகப் படித்து முடித்தார். "இப்ப சரியா இருக்கு," என்றார். கறுப்புப் பட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் அந்த வேன் திரும்பும் இடத்தை நினைத்தால் எனக்குத் திக்கென்றது. விடுமுறை நாளில் எத்தனை வாகனங்கள் அங்கே வந்து பின்னால் எடுத்துத் திரும்புகின்றன என்பதை நானே பார்த்திருக்கிறேன். நிர்வாகத்திடம் சொல்லிவிடலாம் என்றேன். அப்பா மறுத்தார். வீடு போனால் தானா ராத்தாவில் வாடகைக்குப் பார்க்கலாம் என்றேன். அதற்கும் மறுத்தார். இரண்டு வாரம் இந்தப் பேச்சு நடந்தது. சொல்லப்போனால் அந்த இரண்டு வாரத்தில்தான் நாங்கள் அதிகம் பேசினோம். நான் அவருக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, விளக்கு என் முகத்தில் விழும்படி வைத்துக்கொண்டு சண்டை போட்டேன்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை அவரே சட்டை மாற்றிக்கொண்டு, "வா, போயிட்டு வந்துடலாம்," என்றார்.

தோட்ட அலுவலகத்தில் கிராணி மட்டும்தான் இருந்தார். சம்பளப் புத்தகமும் வருகைப் பதிவும் பார்ப்பவர்; இருபது வருடமாக அங்கே இருக்கிறார். அப்பா நின்றுகொண்டே, மனப்பாடம் செய்து வந்ததுபோல ஒரே மூச்சில் சொன்னார்: "எனக்கு ரெண்டு காதும் கேக்காது. இத்தன நாள் சொல்லாம இருந்துட்டேன். என்ன செய்யணுமோ செய்யுங்க."

கிராணி பேனாவைக் கீழே வைத்தார். எழுந்து மேசையைச் சுற்றி வந்து அப்பாவுக்கு நேரே நின்றார். அவருக்கு அது பழக்கம் என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"அண்ணே, எங்களுக்குத் தெரியும்லா," என்றார். "ஃபேக்டரிலே ஒங்ககூட நின்னவங்க எல்லாருக்கும் தெரியும். வேன் ரிவர்ஸ் எடுக்குற பக்கம் ஒங்கள நாங்க என்னைக்காச்சும் போட்டிருக்கமா? கவனிச்சுப் பாருங்க. எப்பவும் சுவர்ப் பக்கத்துப் பாத்திதான். மேனேஜர் துரைக்கும் தெரியும். அண்ணிதான் யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சிக்கிட்டு இருந்தாங்க. அவங்க மனசு கஷ்டப்படும்னு நாங்களும் காட்டிக்கல."

அப்பா அதை இரண்டு முறை சொல்லச் சொல்லி, உதட்டைப் பார்த்து உறுதிசெய்துகொண்டார். "அப்ப வீடு?" என்று கேட்டார்.

"வீட்டுக்கு என்ன? வீடு இருக்கும்."

வெளியே வந்து அப்பா சுவர்ப் பக்கத்துப் பாத்தியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். நான் காரில் சாய்ந்துகொண்டு நின்றேன். ஒரு தோட்டம் முழுவதும் தெரிந்து வைத்திருந்தது. ஒரு மனிதனை எங்கே நிறுத்தினால் ஆபத்தில்லை என்று யோசித்து, அதை அவரிடம் சொல்லாமலே செய்துகொண்டிருந்தது. மகளுக்குத்தான் தெரியவில்லை. கவனித்துக்கொள்வது என்று நான் கடிதத்தில் எழுதியிருந்தது நினைவுக்கு வந்து எனக்கு வெட்கமாக இருந்தது.

தானா ராத்தா மருத்துவமனையில் காதைப் பார்த்துவிட்டு ஈப்போ பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். பல மாதம் கழித்து இடது காதுக்கு ஒரு கருவி கிடைத்தது. அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. கருவியைப் போட்டால் தட்டு மோதுவதும் மழை பெய்வதும் நான் பேசுவதும் ஒரே மாதிரி இரைகிறது என்கிறார். கோயிலுக்கும் ஈப்போவுக்கும் போட்டுக்கொள்வார். வீட்டில் கழற்றிப் பஞ்சு வைத்த டப்பாவுக்குள் போட்டுவிடுவார். நான் எதிரே போய் நின்று பேசக் கற்றுக்கொண்டேன். காரில் ஏதாவது முக்கியமாகச் சொல்ல வேண்டுமென்றால் ஓரமாக நிறுத்திவிட்டுச் சொல்வேன். எப்போதும் நெரிசலான கியா பார்ம் சாலையில் அப்படி நிறுத்தி, பின்னால் வந்தவர்களிடம் ஏச்சு வாங்கியதும் உண்டு.

இப்போது ஞாயிறு மத்தியானப் படத்தை நானும் அவரோடு உட்கார்ந்து பார்க்கிறேன். அவருக்குத் தமிழ் கேட்காது, மலாய் படிப்பார். எனக்குத் தமிழ் கேட்கும், இப்போது மலாயும் படிக்கிறேன். போன வாரம் ஒரு காட்சியில் அப்பா திடீரென்று திரையைக் காட்டினார்.

"பாப்பா, இவன் தப்பா எழுதியிருக்கான்."

"எத?"

"அவ வாயப் பாரு. 'போ'ன்னு ஒரே வார்த்தைதான் சொன்னா. இவன் கீழ ஒரு வரி நீளத்துக்கு எழுதி வெச்சிருக்கான்."

என் காதில் விழுந்திருந்தது. அவள் 'போ' என்றுதான் சொன்னாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அப்பா திருப்தியோடு நாற்காலியில் சாய்ந்து, அடுத்த வரியைப் படிக்க ஆரம்பித்தார்.